முதுகுக்கு ஒரு டாக்டர், குடலுக்கு ஒரு டாக்டர், நடுவில் நான்

செந்தூல்காரி

வணக்கம். கோலாலம்பூரில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சீலியாக் நோய், அதாவது கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுக்கும் நோய், எனக்கு இருப்பது சில ஆண்டுகளுக்கு முன் தெரியவந்தது. வயிற்றுப்போக்கு எதுவும் இல்லை. இரும்புச் சத்து மாத்திரை எத்தனை விழுங்கினாலும் இரத்தம் ஏறவில்லையே என்று தேடப் போய், இரத்தச் சோதனை, அதன் பிறகு வாய்வழியாகக் குழாய்விட்டுச் சிறுகுடல் சதையைக் கிள்ளி எடுத்துப் பார்ப்பது என்று போய் முடிந்தது. அதிலிருந்து கோதுமையும் பார்லியும் என் தட்டுக்கு வருவதில்லை.

இப்போது முதுகு. கீழ்முதுகில் எல்4, எல்5 எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருப்பதாக எம்ஆர்ஐ சொல்கிறது. இடது பக்கம் கெண்டைக்கால் வரைக்கும் சுரீர் என்று இழுக்கிறது. எலும்பு மருத்துவர் படத்தைப் பார்க்கிறார், சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதில்லை. குடல் மருத்துவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார், முதுகைச் சொன்னால் "அது அவர்கள் பிரிவு" என்கிறார்.

எனக்கு உண்மையான தலைவலி, இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று குழி பறிப்பதுதான். குளூட்டன் இல்லாமல் சாப்பிட எல்லாவற்றையும் நானே சமைக்க வேண்டும். சமைக்க நின்றால் முதுகு போகிறது. கடை மாவில் என்ன கலந்திருக்குமோ என்று தோசைக்கு நானே அரைக்கிறேன். அரைத்து முடித்துக் கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது. வலிக்கு மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது. வலி தாங்காமல் படுத்துவிட்டால் வீட்டுக்காரர் கடையில் வாங்கி வருகிறார், மறுநாள் வயிறு உப்பிக்கொள்கிறது. இதே நிலையில் வேறு யாராவது இருக்கிறீர்களா? இரண்டுக்கும் தொடர்பு உண்டா, அல்லது என் தலையெழுத்தா?

தண்ணீர்மலை வாத்தியார்

தங்கச்சி, நான் பினாங்கு. தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்கும் சீலியாக், எனக்கும் முதுகு. ஆனால் எனக்கு டிஸ்க் இல்லை, முள்ளெலும்பே நசுங்கிவிட்டது. அரிசிப் பையைக் காரிலிருந்து இறக்கினேன், அவ்வளவுதான். விழவில்லை, வழுக்கவில்லை. கிளினிக்கில் உயரம் அளந்த தாதி பழைய அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டேனா என்று குனிந்து பார்த்தார், மறுபடி அளந்தார். நான் குட்டையாகிவிட்டேன் என்பதை அவர் முகத்திலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

தொடர்பு உண்டா என்று கேட்டீர்கள். எலும்பைப் பொறுத்தவரை உண்டு. சுண்ணாம்புச் சத்தை உடல் முனைந்து இழுத்துக்கொள்ளும் இடம் சிறுகுடலின் தொடக்கப் பகுதி. சீலியாக் முதலில் கை வைப்பதும் அங்கேதான். குடலின் உட்சுவரில் விரல்போல் நீட்டிக்கொண்டு சத்தை இழுக்கும் குடல் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிட்டால் கால்சியம், வைட்டமின் டி, இரும்பு, ஃபோலேட் எதுவும் சரியாக உள்ளே போவதில்லை. ஆனால் இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் வேலை செய்யாது. எனவே தொண்டையில் உள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கிறது. இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சரியாகத்தான் இருந்தது, என் முதுகெலும்பின் செலவில்.

நீங்கள் டெக்ஸா ஸ்கேன் எடுத்தீர்களா? எலும்பின் அடர்த்தியை அளப்பது. ஸ்கேன் தாளில் வரும் டி மதிப்பெண் −1க்கு மேல் இருந்தால் இயல்பு, −1க்கும் −2.5க்கும் இடையே என்றால் எலும்பு மெலிவு, −2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. முதுகு மட்டும் போதாது, இடுப்பையும் எடுக்கச் சொல்லுங்கள். வயதானால் முதுகெலும்பில் எலும்பு முண்டு வளர்ந்து, உள்ளதைவிட அடர்த்தி கூடுதலாகக் காட்டும்.

சந்தேகப்பேர்வழி

வாத்தியார் ஐயா மன்னிக்க வேண்டும். ஐம்பது வயதில் முதுகு வலிக்காத ஆள் கோலாலம்பூரில் யார்? நாள் முழுக்க நாற்காலி, மற்ற நேரம் சாலை நெரிசல். வலியே இல்லாதவர்களை எம்ஆர்ஐயில் படுக்க வைத்தாலும், அந்த வயதில் பாதிப் பேருக்கு மேல் டிஸ்க் பிதுக்கம் தெரியும். எல்லாவற்றையும் கோதுமையின் தலையில் கட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அக்காவுக்கு இரண்டு தனி நோய்கள் இருக்கலாம். உலகத்தில் அதுவும் நடக்கும்.

தண்ணீர்மலை வாத்தியார்

நடக்கும், தம்பி. நானும் டிஸ்க்கைக் கோதுமை பிதுக்கியது என்று சொல்லவில்லை. எலும்பை அளந்து பாருங்கள் என்றுதான் சொன்னேன். அளந்துவிட்டு ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் உங்களுக்குத்தான் வெற்றி.

இயன்மருத்துவர் பி.ஜே.

பெட்டாலிங் ஜெயாவில் இயன்முறைச் சிகிச்சை செய்பவன் நான். இருவர் சொல்வதும் சரி. படத்தில் உள்ள பிதுக்கம்தான் வலிக்குக் காரணம் என்று உடனே முடிவு கட்டக்கூடாது. அதே சமயம் சீலியாக் உள்ளவர் முதுகுவலி என்று வந்தால் நான் மூன்றைப் பிரித்துப் பார்ப்பேன்.

குனிந்தால், உட்கார்ந்தால் கூடி, காலுக்கு இறங்குகிற வலி பெரும்பாலும் டிஸ்க், நரம்பு சார்ந்தது. அக்கா சொல்வது அந்த வகையில்தான் வருகிறது. திடீரென்று ஓரிடத்தில் குத்தி, நின்றால் மோசமாகி, படுத்தால் அடங்கினால் எலும்பு நசுங்கியிருக்கலாம், அதற்கு ஒரு சாதாரண எக்ஸ்ரேயாவது வேண்டும். மூன்றாவதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். காலையில் எழும்போது அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்துக் கிடந்து, நடமாடினால் தளர்ந்து, ஓய்வெடுத்தால் கூடினால், அது அழற்சி வகை. நாற்பத்தைந்து வயதுக்குள் தொடங்கியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். சீலியாக் உள்ளவர்கள் சிலருக்கு இடுப்பெலும்பும் திருவெலும்பும் (முதுகெலும்பின் அடியில் உள்ளது) சேரும் மூட்டில் அழற்சி இருப்பதை ஆய்வுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்குப் போக வேண்டியது வாதநோய் நிபுணரிடம்.

சிறுநீர் தடைபட்டாலோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ இங்கே வந்து எழுதிக்கொண்டிருக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

செந்தூல்காரி

பி.ஜே. தம்பிக்கு நன்றி. காலையில் விறைப்பு உண்டு, ஆனால் முகம் கழுவி முடிப்பதற்குள் போய்விடும். உட்கார்ந்தால்தான் மோசம். கணக்கு முடிக்கும் மாதக் கடைசியில் மேசையை விட்டு எழும்போது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்கிறேன்.

டெக்ஸா என்ற பேச்சே யாரும் எடுக்கவில்லை. எலும்புக்கு நல்லது என்று தங்கை கால்சியம் கூடுதலாகச் சேர்த்த பால்மாவு வாங்கித் தந்தாள். அதைக் குடித்தால் வயிறு தண்டோரா போடுகிறது.

ஜார்ஜ்டவுன் அடுக்களை

அக்கா, அந்தப் பால் விஷயம் என் மகனுக்கும் இருந்தது. குடல் உறிஞ்சிகளின் நுனியில்தான் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி இருக்கிறது. நுனி தேய்ந்தால் நொதியும் போய்விடும். குடல் ஆற ஆற, பலருக்குப் பால் மறுபடி ஒத்துக்கொள்ளும். அதுவரை நெத்திலியை முள்ளோடு, தவ்வு (டோஃபு), எள், கேழ்வரகு என்று மாற்றிக்கொள்ளுங்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால் மில்லில் அரைக்கக் கொடுக்காதீர்கள். முந்தைய ஆள் கோதுமை அரைத்திருப்பார்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. வயிறு உப்புகிறது என்றால் குளூட்டன் எங்கோ உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. ரொட்டி சானாயை (மைதா பரோட்டா) தொடமாட்டீர்கள், அது தெரியும். மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகத்தில்) தோசை வாங்குகிறீர்களா? ரொட்டி தட்டிய அதே கல்லில்தான் தோசையும் ஊற்றுகிறார்கள். நாசி கண்டார் சோற்றுக்குக் குழம்பைக் கலந்து ஊற்றச் சொன்னால், கிச்சாப் (சோயா சாஸ்) கோழியில் முக்கிய கரண்டி எல்லாச் சட்டிக்கும் போய் வருகிறது. கிச்சாப்பில் கோதுமை உண்டு. எங்கள் ஊர் அசாம் லக்சா நூடுல்ஸின் மேல் ஊற்றும் கறுப்பு இறால் விழுதில் பல தயாரிப்புகளில் கோதுமை மாவு சேர்க்கிறார்கள். மைலோவில் பார்லி மால்ட். ஹார்லிக்ஸ் கேட்கவே வேண்டாம். உடம்பு சூட்டுக்கு என்று அம்மா வைத்துக் கொடுக்கும் பார்லித் தண்ணீர், பெயரிலேயே இருக்கிறது.

அடுத்தது பெருங்காயம். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கட்டிப் பெருங்காயமானாலும் தூளானாலும் பெரும்பாலும் கோதுமை மாவில் பிசைந்ததுதான். அரிசி மாவில் செய்ததும் கிடைக்கிறது, தேடித்தான் வாங்க வேண்டும். நம் வீட்டு ரசம், சாம்பார், முறுக்கு, ஊறுகாய் எல்லாவற்றிலும் தினமும் ஒரு சிட்டிகை போகிறது.

புரட்டாசி மாதம் சைவம் இருப்பவர்களுக்கு ஒன்று. கடையில் உறைய வைத்து விற்கும் சைவ ஆட்டுக்கறி, சைவக் கோழி பலவும் கோதுமையைக் கழுவிக் கழுவி எடுத்த குளூட்டனாலேயே செய்தவை. சீலியாக் உள்ளவர் அதைச் சாப்பிடுவதும் நோயைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவதும் ஒன்று. பொட்டலத்தில் gandum (மலாய் மொழியில் கோதுமை), பார்லி, மால்ட் என்ற மூன்று சொற்களையும் தேடுங்கள். 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறைகளின்படி குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். எழுத்துதான் கடுகளவு.

கெப்போங் தம்பி

ஒரு சிட்டிகைப் பெருங்காயத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? சீலியாக் என்பது வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். அக்கா, என் மாமியாருக்கும் இதே முதுகுவலி. உருட்டு எண்ணெய் போட்டு நீவி விடும் பாட்டி ஒருவர் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறார். முதுகில் முழங்காலை வைத்து ஓர் அழுத்து அழுத்துவார், சொடக்கு விழும், வலி போய்விடும். வேண்டுமானால் முகவரி தருகிறேன்.

தண்ணீர்மலை வாத்தியார்

தம்பி, முகவரியை வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு மெலிந்திருக்கிறதா இல்லையா என்று தெரியாத முதுகில் முழங்காலை வைத்து அழுத்தச் சொல்கிறீர்களே. எனக்கு ஓர் அரிசிப் பை போதுமானதாக இருந்தது.

ஜார்ஜ்டவுன் அடுக்களை

வெள்ளைக்காரர் நோய் என்பதற்கு: மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான மலேசிய இளையோர் 562 பேரைச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரும் அதில் உண்டு. சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் 1.25 விழுக்காடு. மேல்நாட்டுக் கணக்கும் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றுதான். நம்மிடம் நோய் இல்லாமல் இல்லை, தேடுவதுதான் இல்லை.

சிட்டிகைக்கு: 2007இல் இத்தாலியில் சீலியாக் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கே குடல் உறிஞ்சிகள் தேய்ந்தன. ஒரு துண்டு ரொட்டியில் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது.

இயன்மருத்துவர் பி.ஜே.

நீவி விடுவதை நான் மொத்தமாக ஒதுக்கவில்லை. இறுகிய தசைக்கு இதமாக இருக்கும். சொடக்கு எடுப்பதுதான் ஆபத்து.

வலி மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை வயிற்றையும் சிறுகுடலையும் புண்ணாக்கக்கூடியவை. ஏற்கெனவே குடல் நொந்திருப்பவர் வெறும் வயிற்றில் போடுவது சரியல்ல, மருத்துவரிடம் மாற்று கேளுங்கள். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்காதீர்கள். கால்சியம் இரும்பை உள்ளே போக விடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

இனிக் கிரைண்டர். கல்லைத் தூக்காதீர்கள். சாய்த்து ஊற்றும் வகை இருக்கிறது, மாவு தானே வழிந்து வரும், கல் உள்ளேயே இருக்கும், கழுவும் தண்ணீரையும் அப்படியே சாய்த்துவிடலாம். அதை இடுப்பு உயர மேசையில் வையுங்கள், தரையில் வேண்டாம். சமைக்கும்போது ஒரு காலை அரை அடி உயரப் பலகையில் மாற்றி மாற்றி வைத்தால் இடுப்புக்குச் சுமை குறையும். காய் நறுக்குவதை உயரமான முக்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஒரு வாரத்துக்குச் சமைத்து வைப்பதைப் பலர் செய்கிறார்கள். திங்கட்கிழமை என்னிடம் வருபவர்களில் அவர்கள்தான் அதிகம். இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

படுத்தே கிடப்பது டிஸ்க்குக்கும் நல்லதல்ல, எலும்புக்கும் நல்லதல்ல. நடை வேண்டும். குனிந்து கால் விரலைத் தொடும் பயிற்சி மட்டும், எலும்பின் அடர்த்தி தெரியும் வரை வேண்டாம்.

சந்தேகப்பேர்வழி

கிரைண்டர் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவுக்கு அந்த வகைதான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

செந்தூல்காரி

உங்கள் பேச்சைக் கேட்டு அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி உட்கார்ந்தேன். இளம் டாக்டர், நம் பெண்தான். சீலியாக் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுதாகக் கேட்டார். மருத்துவமனைக்குக் கடிதம் எழுதித் தந்தார். காத்திருப்பு நீண்டதுதான், ஆனால் டெக்ஸா எடுத்தாகிவிட்டது.

முதுகு −2.1, இடுப்பு −1.6. வைட்டமின் டி லிட்டருக்கு 31 நானோமோல். 50க்குக் கீழே என்றாலே குறைவாம். இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் எப்படி டாக்டர் என்று கேட்டேன். வீட்டிலிருந்து ரயில், ரயிலிலிருந்து அலுவலகம், வெயில் பட்டால் குடை. இதில் வெயில் எங்கே அம்மா உங்கள் மேல் படுகிறது என்றார். அதோடு குடலும் சரியாக உறிஞ்சவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு எதுவும் நசுங்கவில்லை. கால் வலி டிஸ்க்கால்தான் என்றார். ஆக, சந்தேகப்பேர்வழி தம்பிக்குப் பாதி வெற்றி.

சீலியாக் எதிர்ப்பொருளும் இன்னும் இறங்கவில்லை. பெருங்காயம்தானா, தோசைக் கல்லா, தெரியாது. இரண்டையும் நிறுத்தியாகிவிட்டது. வைட்டமின் டி ஏறிய பிறகுதான் எலும்புக்கான மாத்திரை வேண்டுமா என்று முடிவு செய்வார்களாம்.

தண்ணீர்மலை வாத்தியார்

நல்லது தங்கச்சி. −2.1 என்றால் இன்னும் கையில் இருக்கிறது. கோதுமையை ஒழுங்காக நிறுத்தினாலே எலும்பு ஓரளவு தேறும், முதல் ஆண்டில்தான் அதிகமாகத் தேறும். வயது வந்த பிறகு தெரியவந்தவர்களுக்கு முழுவதும் திரும்புவது கடினம். எனக்குத் திரும்பவில்லை.

ஒருவேளை வாரம் ஒருமுறை போடும் எலும்பு மாத்திரை கொடுத்தால்: காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், அதன் பிறகு அரை மணி நேரம் படுக்கவே கூடாது, உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். முதுகு நோகிறவனைப் படுக்காதே என்கிற மாத்திரை. நான் அதைப் போட்டுக்கொண்டு தாவரப் பூங்கா வரை நடந்துவிட்டு வந்துவிடுவேன்.

செந்தூல்காரி

தைப்பூசத்துக்கு பத்துமலையில் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருக்கிறேன். 272 படி. பி.ஜே. தம்பி என்ன சொல்கிறீர்கள்?

இயன்மருத்துவர் பி.ஜே.

படி ஏறுவது பிரச்சினையில்லை, கைப்பிடியை ஒட்டி நின்று நின்று ஏறுங்கள். இறங்கும்போதுதான் கவனம். தலையில் குடம் மட்டும் வேண்டாம். சின்னச் செம்பில் அரைக் குவளைப் பால் ஊற்றி, நெஞ்சோடு அணைத்து எடுத்துப் போங்கள். முந்தைய இரவு முழுக்க வரிசையில் நிற்காமல், தைப்பூசத்துக்கு முன்பே ஒரு நாள் கூட்டம் குறைவாக இருக்கும்போது நேர்த்தியைச் செலுத்துபவர்களும் இருக்கிறார்கள்.

தண்ணீர்மலை வாத்தியார்

முருகன் அளவு பார்ப்பதில்லை. இங்கே தண்ணீர்மலையில் 513 படி, நான் அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

ஜார்ஜ்டவுன் அடுக்களை

தண்ணீர்ப் பந்தலில் கவனம் அக்கா. கேசரி என்றால் ரவை, மீ நூடுல்ஸ் என்றால் கோதுமை, சில பந்தல்களில் பார்லித் தண்ணீரும் ஊற்றுவார்கள். சர்க்கரைப் பொங்கலும் மோரும் சாப்பிடலாம், மோரில் பெருங்காயம் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செந்தூல்காரி

கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்று. மகள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். எப்போதும் சோர்வு, இரத்தம் குறைவு என்கிறாள். என் கதையைக் கேட்டுப் பயந்து, நாளையிலிருந்து கோதுமையே தொடமாட்டேன் என்கிறாள். நல்லதுதானே?

ஜார்ஜ்டவுன் அடுக்களை

ஐயோ, இப்போது நிறுத்த வேண்டாம் என்று உடனே சொல்லுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இருந்தால் பத்தில் ஒருவருக்கு வரக்கூடிய நோய் இது, சோதித்தே ஆக வேண்டும். ஆனால் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சோதனை சரியாக வரும். நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் இறங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கும், ஒன்றுமில்லை என்று தாள் வரும். சீலியாக் எதிர்ப்பொருளைப் பார்க்கும் டிடிஜி ஐஜிஏ சோதனையோடு, ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ இருக்காது, அப்போது முதல் சோதனை பொய் சொல்லும். அதுவரை விடுதிச் சாப்பாட்டையே சாப்பிடட்டும், ரொட்டி சானாய் உட்பட.

செந்தூல்காரி

சொல்லிவிட்டேன். சனிக்கிழமை கிளினிக்குக் கூட்டிப் போகிறேன். அதுவரை தினமும் ரொட்டி சானாய் சாப்பிட அம்மாவே அனுமதி கொடுத்துவிட்டாள் என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.